சுட்ட வடுவின் விளிம்பு: கல்லீரல் புற்றுநோயில் வெப்பமும் நோய் எதிர்ப்புச் செல்களும்

கல்லீரலில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி. அல்ட்ராசவுண்ட் திரையில் சாம்பல் நிறப் பரப்புக்கு நடுவே கொஞ்சம் கருத்த வட்டமாகத் தெரிகிறது. விலா எலும்புகளுக்கு இடையே தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு, மருத்துவர் திரையைப் பார்த்தபடியே ஒரு நீண்ட ஊசியை உள்ளே செலுத்துகிறார். ஊசிமுனை கட்டியின் நடுவே நின்றதும் கருவியை இயக்குகிறார். சிறிது நேரத்தில் திரையில் அந்த முனையைச் சுற்றி வெண்புகை போல ஒன்று கிளம்பிப் பரவுகிறது. சூடேறும் திசுவிலிருந்து எழும் நுண்குமிழிகள் அவை. சிறிய கட்டி என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் சுடும் வேலை முடிந்துவிடும். பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை, தையல் இல்லை.

ரேடியோ அலையால் கல்லீரல் திசுவை இப்படிச் சுட்டு அழிக்க முடியும் என்று 1990இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே விலங்குகளில் செய்து காட்டின. இன்று, மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத ஒன்று முதல் மூன்று கட்டிகள் வரை இருக்கும் ஆரம்பநிலை நோயாளிகளுக்கு இது அறுவை சிகிச்சைக்கு இணையாக வைத்துப் பேசப்படும் வழி. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பல நேரங்களில் இதுவே முதல் தெரிவு.

அப்புறம்தான் சிக்கல் தொடங்குகிறது. வெட்டி எடுத்தாலும் சரி, சுட்டாலும் சரி, ஐந்து ஆண்டுகளுக்குள் 70 சதவீதம் பேர் வரை கல்லீரல் புற்றுநோய் திரும்ப வருகிறது. சுட்ட இடம் சுத்தமாக இருக்கும். நோயோ வேறொரு மூலையில் முளைத்திருக்கும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 8.66 லட்சம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 7.58 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பது இந்த நோயின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. புற்றுநோய் மரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது.

திரும்ப வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டியைச் சுடுவதற்கு முன்பே சில செல்கள் கிளம்பிப் போய்க் கல்லீரலின் வேறு பகுதியில் ஒதுங்கியிருக்கும். எந்த ஸ்கேனிலும் அவை தெரியாது. முதல் இரண்டு ஆண்டுகளில் வருபவை பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று, கல்லீரலே கெட்டுப்போயிருப்பது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மது, கொழுப்பு படிதல் என்று ஏதோ ஒன்றால் பல்லாண்டுகள் புண்பட்டுப் புண்பட்டு, தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில்தான் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் வருகிறது. ஒரு பயிரைப் பிடுங்கினாலும் நிலம் அதேதானே? பழைய கட்டிக்குச் சம்பந்தமே இல்லாத புதுக் கட்டி அந்த நிலத்தில் முளைக்கலாம்.

ஊசி எட்டாத இடத்துக்குப் போகக்கூடியது ரத்தத்தில் ஓடும் நோய் எதிர்ப்புச் செல்தான். சுடுவதையும் அந்தச் செல்களையும் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. ஆனால் இது இரண்டு சிகிச்சைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் சாதாரணக் கூட்டல் இல்லை. சுடுவதே உடலின் எதிர்ப்பு மண்டலத்துக்கு ஒரு சேதி அனுப்புகிறது என்பதுதான் இதில் என்னை ஈர்த்த விஷயம்.

வெப்பம் என்ன செய்கிறது?

ரேடியோ அலைக் கருவி, நொடிக்கு நான்கைந்து லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டத்தை ஊசிமுனை வழியே திசுவுக்குள் அனுப்புகிறது. அங்குள்ள அயனிகள் அதற்கேற்ப முன்னும் பின்னும் ஆடி உரசுவதில் வெப்பம் பிறக்கிறது. ஊசி தானாகச் சுடுவதில்லை, திசுதான் சூடாகிறது. மைக்ரோவேவ் கருவி வேறு மாதிரி. அது நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலையால் நீர் மூலக்கூறுகளைச் சுழல வைக்கிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் இதே அதிர்வெண்தான்.

60 டிகிரியைத் தாண்டியதும் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் கிட்டத்தட்ட உடனே உறைந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்து இறுகுகிறதே, அதேதான் இங்கும். 50 டிகிரியில் அதே வேலைக்குச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்காகச் சூட்டை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. 100 டிகிரிக்கு மேல் போனால் ஊசியை ஒட்டிய திசு கருகிவிடும். கருகிய திசு ரேடியோ அலை மின்னோட்டத்தை அடுத்த பகுதிக்குப் போகவிடாது. இன்னொரு தடை ரத்தம். கல்லீரலுக்குள் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. கட்டியை ஒட்டி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலமான ரத்தக்குழாய் ஒன்று போனால், அது வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும்; அந்தப் பக்கத்து ஓரம் மட்டும் வேகாமல் நிற்கும். அதனால்தான் கட்டியோடு சேர்த்துச் சுற்றிலும் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் வரை நல்ல திசுவையும் சுடுகிறார்கள்.

சுட்ட இடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று வளையங்கள் இருக்கும். நடுவில் முழுதாக உறைந்து செத்த பகுதி. வெளியே தொடப்படாத கல்லீரல். இரண்டுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. அங்கே வெப்பம் நாற்பதுகளில் நின்றுவிட்டது. செல்கள் உடனே சாகவில்லை. சில பிழைக்கும், சில அடுத்த மணிநேரங்களில் சாகும். இந்தக் கட்டுரையில் சொல்லவிருக்கும் எல்லாமே, நல்லதும் கெட்டதும், அந்தச் சில மில்லிமீட்டர் பட்டையில்தான் நடக்கிறது.

உடலில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. அவை சத்தமில்லாமல் சுருங்கி, பக்கத்தில் இருக்கும் துப்புரவுச் செல்களால் விழுங்கப்பட்டு மறைகின்றன. அதற்கெல்லாம் எதிர்ப்பு மண்டலம் படை திரட்டுவதில்லை, திரட்டக் கூடாது. சூட்டில் சாகும் செல் அப்படிச் சாவதில்லை. அதன் சவ்வு கிழிகிறது. உள்ளே மட்டுமே இருக்க வேண்டியவை வெளியே கொட்டுகின்றன. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி, கருவுக்குள் டிஎன்ஏவை ஒட்டி இருக்கும் ஹெச்எம்ஜிபி1 என்ற புரதம், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எல்லாம் வெளியே வந்தால் எதிர்ப்பு மண்டலம் அதை ஆபத்துக்கான சைகையாக எடுத்துக்கொள்கிறது. அந்நியக் கிருமி வந்தால் மட்டும் எதிர்ப்பு மண்டலம் விழிப்பதில்லை, சொந்தத் திசு சேதப்படும்போதும் விழிக்கிறது என்ற கருத்தை 1994இல் பாலி மாட்ஸிங்கர் முன்வைத்தார். சுட்ட கட்டியின் ஓரம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். செல்லுக்குச் சூடு தாக்கும்போது மற்ற புரதங்கள் குலைந்துவிடாமல் தாங்கிப்பிடிப்பது இவற்றின் வேலை. தாங்கிப்பிடித்த கையோடு செல் உடைந்தால், கட்டியின் புரதத் துண்டுகளையும் சுமந்துகொண்டே இவை வெளியே வருகின்றன. அங்கே காத்திருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் அந்த மூட்டையை அப்படியே வாங்கிக்கொண்டு, பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கிருக்கும், கட்டிச் செல்லைத் தேடிக் கொல்லக்கூடிய டி செல்களுக்கு எடுத்துக் காட்டுகின்றன. இந்தத் துண்டோடு யாருடைய ஏற்பி பொருந்துகிறதோ அந்த டி செல் பெருகத் தொடங்கும். டென்ட்ரிடிக் செல்லை 1973இல் அடையாளம் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மன் பின்னாளில் கணையப் புற்றுநோய்க்கு ஆளாகி, தன் ஆய்வின் வழியே உருவான டென்ட்ரிடிக் செல் சிகிச்சையைத் தனக்கே செய்துகொண்டார். 2011இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாட்கள் முன்பு இறந்தார்.

ஆக, சுட்ட கட்டி உடலுக்குள்ளேயே தயாரான ஒரு தடுப்பூசி போல வேலை செய்யக்கூடும். கட்டியின் அடையாளமும் அங்கே இருக்கிறது, ஆபத்துச் சைகையும் கூடவே இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் லேசான காய்ச்சலும் உடல் வலியும் பலருக்கு வருவதுண்டு. செத்த திசுவுக்கு உடல் காட்டும் எதிர்வினைதான் அது.

ஏன் அது மட்டும் போதவில்லை?

2004இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் எலிகளில் இதைச் சோதித்தார்கள். கட்டியைச் சுட்ட பிறகு டென்ட்ரிடிக் செல்கள் கட்டிப் புரதத்தை எடுத்துப் போவதைப் பார்த்தார்கள். ஆனால் அந்த எலிகளுக்கு மறுபடி புற்றுச் செல்களைச் செலுத்தியபோது கிடைத்த பாதுகாப்பு வலுவில்லாமல் இருந்தது. டி செல்களின் தடைக்கட்டையான சிடிஎல்ஏ-4ஐ அகற்றும் மருந்தையும் சேர்த்தபோதுதான் அது வலுத்தது.

மனிதர்களில் நடந்த ஆய்வு 2013இல் ஜப்பானின் கனசாவாவிலிருந்து வந்தது. ரேடியோ அலையால் சுடப்பட்ட 69 கல்லீரல் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில், கட்டிக்கு எதிரான டி செல்களை முன்னும் பின்னும் எண்ணினார்கள். பத்தில் ஆறு பேருக்கு அவை கூடியிருந்தன. அதிகம் கூடியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. இதுவரை மகிழ்ச்சியான செய்தி. ஆனால் 24 வாரங்களில் அந்த எழுச்சி தணிந்துவிட்டது. இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதற்குக் காரணம் அந்த 24 வாரங்கள்தான். சுடுவது ஒரு கதவைத் திறக்கிறது, ஆறு மாதத்துக்குள் அது மூடிக்கொள்கிறது.

ஏன் மூடுகிறது? பாதிப் பதில் கல்லீரலின் இயல்பிலேயே இருக்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் ஏறக்குறைய முழுவதும் முதலில் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். உணவின் துண்டுகளும் குடல் பாக்டீரியாவின் சிதறல்களும் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தால் கல்லீரல் ஒரு வாரம் தாங்காது. அதனால் பொறுத்துப்போகப் பழகிய உறுப்பு அது. எவ்வளவு பொறுமை என்றால், 1969இல் ராய் கால்னும் அவருடைய குழுவும் பன்றிகளுக்கு வேறு பன்றியின் கல்லீரலைப் பொருத்தியபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. சிறுநீரகத்திலோ தோலிலோ அப்படி நடப்பதில்லை. அந்தப் பொறுமையைத்தான் புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தி டி செல்கள் கட்டிக்குள் குவிகின்றன. (இவ்வகைச் செல்களைக் கண்டறிந்ததற்குத்தான் 2025 மருத்துவ நோபல் பரிசு.) கட்டியின் மேல் பிடி-எல்1 என்ற புரதம் ஏறி, வரும் டி செல்லைச் சோர்ந்துபோகச் செய்கிறது.

மீதிப் பாதி இன்னும் கவலையானது. சுடுவது அரைகுறையாக நின்றுவிட்டால் அது உதவாமல் போவதோடு நிற்காது, கேடும் செய்யலாம். 2019இல் வெளியான ஒரு சீன ஆய்வு, முழுதாகச் சுடப்படாத கட்டியில் எழும் அழற்சி என்ன செய்கிறது என்று பார்த்தது. மிஞ்சிய கட்டி சிசிஎல்2 என்ற சைகையை வெளியிட்டு மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்களை அழைக்கிறது. வந்தவை டி செல்களை அடக்கிவிடுகின்றன. மிஞ்சிய கட்டி முன்பைவிட வேகமாக வளர்ந்தது. பிடி-எல்1 பற்றிக்கொள்ளும், டி செல்லின் மேல் இருக்கும் பிடி-1 ஏற்பியைத் தடுக்கும் மருந்தும் சரியாக வேலை செய்யவில்லை. எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பிய அதே விளிம்புதான் இங்கே அதைத் தூங்க வைக்கிறது.

எனவே, எந்தச் செல் சிகிச்சையைச் சேர்ப்பது என்று பேசுவதற்கு முன்னால், கட்டியை ஒழுங்காக, ஓரத்தில் மிச்சம் வைக்காமல் சுடுவதுதான் முதல் நிபந்தனை.

செல்களை வெளியே வளர்த்து உள்ளே விடுவது

இந்த யோசனை சுடுவதோடு சேர்ந்து பிறந்ததில்லை. டோக்கியோவில் 1992 முதல் 1995 வரை, கல்லீரல் கட்டியை வெட்டி எடுத்த 150 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அவர்களுடைய ரத்தத்திலிருந்தே எடுத்துத் தூண்டப்பட்ட வெள்ளணுக்களை ஆறு மாதத்தில் ஐந்து முறை ஏற்றினார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவில், செல் ஏற்றியவர்களில் 59 சதவீதம் பேருக்கும் ஏற்றாதவர்களில் 77 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. திரும்புவது குறைந்தது, ஆனால் மொத்த ஆயுளில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

அதே காலகட்டத்தில், 1991இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சிஐகே என்று சுருக்கமாகச் சொல்லப்படும் செல்களை வளர்க்கும் முறை விவரிக்கப்பட்டது. சைட்டோகைன்களால், அதாவது எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதங்களால், தூண்டப்பட்ட கொல்லிச் செல்கள் என்று இதை விரிக்கலாம். நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, இன்டர்ஃபெரான் காமா, டி செல்லைத் தட்டியெழுப்பும் ஓர் ஆன்டிபாடி, இன்டர்லூக்கின்-2 ஆகியவற்றோடு இரண்டு மூன்று வாரம் வளர்ப்பார்கள். வெளிவரும் கூட்டத்தில் ஒரு பகுதி, டி செல்லின் அடையாளத்தையும் இயற்கைக் கொல்லிச் செல்லின் அடையாளத்தையும் ஒருசேரத் தாங்கி நிற்கும். குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடித்தான் கொல்லும் என்றில்லை. அழுத்தத்தில் இருக்கும் செல்கள் தம் மேற்பரப்பில் ஏற்றிவைக்கும் பொதுவான சில அடையாளங்களைப் பார்த்தே தாக்கும்.

இந்தத் துறையில் இன்றுவரை வலுவான சான்று தென் கொரியாவிலிருந்து 2015இல் வந்தது. கட்டியை வெட்டியோ, ரேடியோ அலையால் சுட்டோ, ஆல்கஹால் ஊசி போட்டோ அழித்த பிறகு, 230 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அவரவர் ரத்தத்தில் வளர்த்த சிஐகே செல்கள், 60 வாரங்களில் 16 முறை. ஒவ்வொரு முறையும் சுமார் 640 கோடி செல்கள் ரத்தக்குழாய் வழியாக ஏறின. மற்றப் பிரிவுக்குக் கூடுதல் சிகிச்சை எதுவும் இல்லை. நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் இடைநிலை, செல் பெற்றவர்களுக்கு 44 மாதங்கள், பெறாதவர்களுக்கு 30 மாதங்கள். இறப்பும் குறைந்திருந்தது. ஐந்தாண்டு தாண்டி மறுபடி பார்த்தபோதும், செல் ஏற்றுவதை நிறுத்தி வெகுகாலம் ஆன பின்னும், அந்த வித்தியாசம் நிலைத்திருந்தது. பக்க விளைவுகளில் காய்ச்சல், குளிர் நடுக்கம், சோர்வு போன்றவை அதிகம்.

பதினான்கு மாதம் என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காலம் என்று விளக்க வேண்டியதில்லை. அதே சமயம் இந்த ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யார் செல் பெறுகிறார்கள் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியும். போலி ஊசி வைத்து ஒப்பிடவில்லை. வெட்டியவர்களும் சுட்டவர்களும் ஒன்றாகக் கலந்திருந்தார்கள். ஆகவே, கட்டியை அழித்த பிறகு செல் ஏற்றினால் பலன் உண்டு என்று இது காட்டுகிறது. சுட்டதால் எழுந்த சைகையும் செல்களும் கைகோத்துக்கொண்டன என்று காட்டவில்லை. செல்கள் தனியாகவே, மிச்சம் மீதி இருந்த நுண்ணிய குவியல்களைத் துடைத்திருக்கலாம். கட்டியின் பெரும்பகுதி போய்விட்ட நிலையில் கொல்லிச் செல்களின் எண்ணிக்கை எதிரியை விடப் பலமடங்கு அதிகமாக இருக்கும் என்ற எளிய கணக்கே போதும். இது குறையில்லை. ஆனால் கூட்டு சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் ஒன்றும் ஒன்றும் மூன்று என்று நினைத்துக்கொள்வது அவசரம்.

வெப்பத்தின் சைகை மனிதர்களில் நிஜமாகவே தொலைதூரம் போகிறதா என்பதற்கு வேறொரு சிறிய ஆய்வு நல்ல குறிப்பைத் தருகிறது. 2017இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் முற்றிய கல்லீரல் புற்றுநோய் உள்ள 32 பேருக்கு சிடிஎல்ஏ-4 தடுப்பு மருந்தான ட்ரெமெலிமுமாப் கொடுத்து, நடுவே கட்டியின் ஒரு பகுதியை மட்டும் சுட்டோ, உறைய வைத்தோ, ரத்தக்குழாய் வழியாக அடைத்தோ அழித்தது. தொடாமல் விட்ட மற்றக் கட்டிகளை மட்டும் அளந்தார்கள். கணக்கிட முடிந்த 19 பேரில் 5 பேருக்கு அந்தத் தொடாத கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியிருந்தன. செல் ஏற்றிய ஆய்வு இல்லைதான். ஆனால் ஓரிடத்தில் செய்த சேதம், தடைக்கட்டையை எடுத்துவிட்டால், வேறிடத்தில் சண்டையாக மாறலாம் என்பதற்கு இது சாட்சி.

மருந்தால் மட்டுமே மறுவருகையைத் தடுக்கும் முயற்சிகளும் நடக்காமல் இல்லை. வெட்டிய அல்லது சுட்ட பிறகு சோராஃபெனிப் மாத்திரை கொடுத்து 1,114 பேரில் செய்த பெரிய ஆய்வு 2015இல் பலனில்லை என்று முடிந்தது. அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஊசிகளை 668 பேரில் சோதித்த ஆய்வு 2023இல் நம்பிக்கை தந்தது; அடுத்த ஆண்டே, கூடுதல் காலம் பின்தொடர்ந்து பார்த்தபோது அந்தப் பலன் கரைந்திருந்தது. முதல் கணக்கில் மின்னுவது இரண்டாம் கணக்கில் மங்கலாம் என்பதை இந்த நோய் பலமுறை காட்டியிருக்கிறது.

கார்-டி செல்லும் சூடும்

சிஐகே பொதுவான காவலர் என்றால், கார்-டி செல் முகவரி கொடுத்து அனுப்பப்பட்டவர். டி செல்லின் மரபணுவை மாற்றி, ஒரே ஒரு புரதத்தை அடையாளம் காணும் ஏற்பியைப் பொருத்துகிறார்கள். ரத்தப் புற்றுநோய்களில் 2017 முதல் இது அங்கீகாரம் பெற்ற சிகிச்சை. கல்லீரல் புற்றுநோயில் குறிவைக்கப்படுவது பெரும்பாலும் கிளிபிகான்-3. முக்கால்வாசிக் கட்டிகளில் அது இருக்கிறது, வளர்ந்தவர்களின் நல்ல திசுக்களில் பெரும்பாலும் இல்லை. 2020இல் ஷாங்காய் குழு 13 பேரில் இதைச் சோதித்து 2 பேருக்குக் கட்டி சுருங்கியதாகச் சொன்னது. செல்லோடு இன்டர்லூக்கின்-15 சுரக்கும் வசதியையும் சேர்த்து ஹூஸ்டனில் சோதித்தபோது 12 பேரில் 4 பேருக்குச் சுருங்கியது. எல்லோரும் வேறு வழிகள் தீர்ந்துபோனவர்கள் என்பதால் இந்தச் சிறிய எண்களும் பெரியவைதான்.

திடமான கட்டியில் கார்-டி செல் திணறக் காரணங்கள் சில உண்டு. கட்டியைச் சுற்றி நாரும் அழுத்தமும். செல் உள்ளே நுழையவே தடுமாறும். நுழைந்தாலும் சோர்ந்துபோகும். எல்லாக் கட்டிச் செல்களிலும் குறிவைத்த புரதம் இருக்காது. இல்லாதவை தப்பித்து வளரும். இந்த மூன்றுக்குமே வெப்பத்திடம் ஏதோ ஒரு பதில் இருக்கிறது. மிதமான சூடு ரத்தக்குழாய்ச் சுவரை இளக்கி, டி செல் ஒட்டிக்கொண்டு உள்ளே போக வழி செய்கிறது. கட்டியின் பருமன் குறைகிறது. உடைந்த செல்கள் கொட்டும் பலவகைப் புரதங்களால், கார் ஏற்பி இல்லாத உடலின் சொந்த டி செல்களும் வேறு வேறு குறிகளோடு சண்டைக்கு வரலாம். 2019இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டி உள்ள எலிகளில், ஒளியால் லேசாகச் சூடேற்றிய பிறகு விட்ட கார்-டி செல்கள் கட்டிக்குள் அதிகமாகப் போய்ச் சேர்ந்தன. 2021இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். 40 முதல் 42 டிகிரி சூடு பட்டால் மட்டும் இயங்கும் மரபணு சுவிட்சை டி செல்லுக்குள்ளேயே வைத்து, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் அதை முடுக்கிவிட்டார்கள். இங்கே வெப்பம் கொல்வதற்காக இல்லை, கட்டளையிடுவதற்காக.

ஒரு சாதாரண உண்மையை இதில் மறந்துவிடக் கூடாது. சுடும் வெப்பம் டி செல்லையும் கொல்லும். கட்டிக்குள் ஏற்கெனவே புகுந்திருந்த நல்ல டி செல்கள் அதோடு சேர்ந்து வெந்துபோகும். அதனால் வரிசை முக்கியம்.

என் பார்வையில், இந்தத் துறையில் மிகக் குறைவாகப் பேசப்படும் கேள்வி ரத்தத்தை எப்போது எடுப்பது என்பதுதான். சுடுவதற்கு முன்பே எடுத்து வளர்த்தால், மூன்று வாரம் கழித்துச் செல்கள் தயாராக இருக்கும். சுட்டதும் தாமதமின்றி ஏற்றலாம். வசதியான வழி. ஆனால் அந்த ரத்தத்தில் இருப்பவை, பெரும்பாலும் கட்டியை இன்னும் அடையாளம் காணாத செல்கள். கனசாவா ஆய்வு காட்டியபடி, சுட்ட பிறகு வரும் வாரங்களில்தான் கட்டியை அறிந்த டி செல்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. அந்த நேரத்தில் எடுத்து வளர்த்தால், வெப்பம் கற்றுக்கொடுத்த பாடத்தையே கோடிக்கணக்கில் பிரதி எடுத்ததாகும். ஏற்றுவது சற்றுத் தள்ளிப்போகும். ஆனாலும் 24 வாரத்தில் மூடும் கதவுக்குள் நுழைய நேரம் இருக்கிறது. ஒரே நோயாளிக் கூட்டத்தைப் பிரித்து, ரத்தம் எடுக்கும் நாளை மட்டும் மாற்றி ஒப்பிட்டால், வெப்பமும் செல்களும் உண்மையாகவே பேசிக்கொள்கின்றனவா என்பதற்கு விடை கிடைக்கும். சுடாமல் செல் மட்டும் தரும் பிரிவு ஒன்றை, குணமாக வாய்ப்புள்ள நோயாளிகளில் வைக்கவே முடியாது, அது தவறு. ஆகவே இந்த மாதிரி சுற்றுவழி ஒப்பீடுகள்தான் நேர்மையான பாதை.

கேட்க வேண்டிய கேள்விகள்

2016இல் சீனாவில் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், அரிய வகைப் புற்றுநோய்க்கு இணையத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட செல் சிகிச்சையைப் பெரும் பணம் கட்டிச் செய்துகொண்டு இறந்தார். அவருக்குக் கொடுத்ததும் சிஐகே குடும்பத்தைச் சேர்ந்த சிகிச்சைதான். பெரிய கொந்தளிப்பு எழுந்து, ஆய்வுக்கு வெளியே இச்சிகிச்சையை விற்பதை அந்நாட்டு அரசு நிறுத்தியது. ஆரம்பநிலைக் கல்லீரல் கட்டியை அழித்த பிறகு மறுவருகையைத் தள்ளிப்போட உதவிய ஒன்றை, எந்தப் புற்றுநோய்க்கும் எந்த நிலையிலும் தரலாம் என்று விற்றதுதான் அங்கே நடந்த அநியாயம்.

அதனால், யாராவது இந்தக் கூட்டு சிகிச்சையை முன்வைத்தால் தயங்காமல் கேளுங்கள். இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா? எந்தச் செல், எத்தனை முறை, எங்கே வளர்க்கிறார்கள்? கட்டி முழுதாகச் சுடப்பட்டதா? ரத்தம் சுடுவதற்கு முன்னா பின்னா எடுக்கப்படும்? கல்லீரலில் எவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறது? கடைசிக் கேள்வி மிக முக்கியம். சுருங்கிய கல்லீரலில் எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டவிழ்த்துவிட்டால், கட்டியோடு நல்ல கல்லீரலும் அடிபடலாம். கார்-டியில், சேதிப் புரதங்கள் ஒரே நேரத்தில் பெருக்கெடுக்கும் சைட்டோகைன் புயலே உயிருக்கு ஆபத்தாகும். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு வைரஸ் மருந்து நிற்காமல் ஓட வேண்டும். அதுவே மறுவருகையைக் குறைக்கும் எளிய, உறுதியான வழிகளில் ஒன்று.

சுட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். சாய மருந்து ஏற்றிய படத்தில் கட்டி இருந்த இடம் ரத்தம் ஓடாத கருவட்டமாக, கட்டியை விடப் பெரிதாகத் தெரிய வேண்டும். மருத்துவர் அதன் ஓரத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்ப்பார். எங்காவது ஒரு மூலையில் தடிமனாக, ஒழுங்கில்லாமல் வெளிச்சம் ஏறினால், அங்கே மிச்சம் இருக்கிறது. மறுபடி சுட வேண்டும். சீரான மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் வட்டத்தைச் சுற்றி ஓடினால் பயமில்லை, ஆறிவரும் அழற்சி அது. அந்தக் கோட்டுக்குள் எத்தனை டி செல்கள் வந்து நிற்கின்றன, அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதைப் படம் காட்டாது. அதை ரத்தத்தில் எண்ணுவது ஆய்வகங்களில் நடக்கிறது; நோயாளியின் கோப்பில் இன்னும் ஏறவில்லை.